சார்ஜ் எடுத்துக்கொள்ள ஆளில்லை

சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஒருவர் ஷிப்ட் முடிந்து வெளியே வர வேண்டுமென்றால் மணி ஆனால் மட்டும் போதாது. ரிலீவர் வர வேண்டும். அடுத்த ஷிப்ட்காரர் பக்கத்தில் வந்து நின்று, "சொல்லுங்க" என்பார். இவர் சொல்லுவார்: இந்த உருளையில் சத்தம் வருகிறது, அந்த இடத்தில் பெல்ட் ஓரம் கிழிந்திருக்கிறது, படிக்கட்டு விளக்கு எரியவில்லை. வந்தவர் அதையெல்லாம் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். திரும்பச் சொல்லி முடித்ததும் பொறுப்பு கை மாறிவிடும். இதற்குச் சார்ஜ் கொடுப்பது என்று பெயர்.

ஏன் திரும்பச் சொல்ல வேண்டும் என்றால், நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் ஓடும் சத்தத்தில் காது கேட்காதவர்கள்தான் அதிகமாகத் தலையாட்டுவார்கள். தலையாட்டியதை நம்பிப் போய்விட்டால், பிறகு பெல்ட் அறுந்து நிற்கும்போது இவர் சொன்னேன் என்பார், அவர் கேட்கவில்லை என்பார். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சார்ஜ் வாங்கும்போது சொல்லப்படாத பழுது எதுவோ, அது வாங்கியவர் தலையில் விழும். கிழிசல் நேற்றே இருந்ததாக இருக்கலாம். கேட்டு வாங்கவில்லை என்றால் கிழித்தது நீங்கள்தான். அதனால் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதர்கள்கூட சார்ஜ் வாங்கும்போது முன்பின் தெரியாதவர்களைப் போல நடந்துகொள்வார்கள்.

தங்கராசு கன்வேயர் செக்‌ஷனில் நெடுங்காலம் இருந்து இந்தப் பழக்கம் எலும்பில் ஏறிப்போனவர். வீட்டில் அடுப்பில் பால் வைத்துவிட்டு அவர் மனைவி ருக்குமணி, "பாத்துக்கோங்க" என்று கொல்லைப்பக்கம் போனால், திரும்பி வந்ததும், "பால் முக்கால் சூடு, தீ சின்னதா இருக்கு, ஏடு கட்டல" என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பச் சொல்கிறாளா என்று நின்று பார்ப்பார். ருக்குமணி ஒருநாளும் திரும்பச் சொன்னதில்லை. அதனால் அந்த வீட்டில் பொங்கி வழிந்த பாலுக்கெல்லாம் யார் பொறுப்பு என்பது இன்னும் தீராத வழக்கு.

அவர்கள் குடியிருந்த சுரங்க டவுன்ஷிப் பிளாக்கில் பாதுகாப்புக் குழு ஒன்று உண்டானபோது தங்கராசு அதில் சேர்ந்ததற்குக் காரணம், சேரவில்லை என்றால் ஏன் சேரவில்லை என்று கேட்பார்கள் என்பதுதான். குழுவை உண்டாக்கியவர் செங்குட்டுவன். சுரங்கத்தில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது மகனுடைய குவார்ட்டர்ஸில் இருக்கிறார். ஓய்வுக்குப் பிறகும் அவருக்குக் கீழே இன்சார்ஜ் பண்ண ஏதாவது வேண்டியிருந்தது. விசில் வாங்கினார்; இருட்டில் மினுங்கும் பச்சை ஜாக்கெட்டுகள் எங்கிருந்தோ வந்தன; குழாய் ரிப்பேரில் மிச்சமான பி.வி.சி. பைப்பை முழ நீளத்துக்கு அறுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். பிறகு ஷிப்ட் போட்டார். காலை ஷிப்ட்டுக்கும் மதிய ஷிப்ட்டுக்கும் ஆள் கிடைத்தது. நைட் ஷிப்ட் என்று சொன்னதும் எல்லோரும் கீழே பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க நைட் ஷிப்ட் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். கடைசியில் திருடர்களைப் பகலில் மட்டும் கண்காணிப்பது என்று முடிவாயிற்று. மினுங்கும் ஜாக்கெட்டை வெயிலில் போட்டுக்கொண்டார்கள்.

எதற்காகக் கண்காணிப்பு என்பதையும் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரி ஒரே பெல்ட்டில் அனல்மின் நிலையம் போய்ச் சேர்வதில்லை. ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்ததில் விழும், அதிலிருந்து இன்னொன்றில் விழும். ஒவ்வொரு முறை விழும்போதும் கட்டி உடைந்து சின்னதாகும். வாட்ஸ்அப் குரூப்பில் நடப்பது இதற்கு நேர்மாறு. பக்கத்து ஊரில் ஒரு குழந்தை சொல்லாமல் சித்தி வீட்டுக்குப் போய் விளையாடியிருக்கிறது, தேடினார்கள், கிடைத்துவிட்டது. இந்தச் செய்தி ஒரு குரூப்பிலிருந்து அடுத்ததில் விழுந்தபோது குழந்தை மட்டும் காணாமல் போயிற்று, கிடைத்தது விழவில்லை. அடுத்ததில் விழுந்தபோது இரண்டு குழந்தைகள். பிளாக் குரூப்பில் வந்து விழுந்தபோது ஒரு பிள்ளைபிடிக் கும்பல், அதில் சிவப்புப் புடவை கட்டி மூட்டை வைத்திருக்கும் ஒரு பெண், உஷார், பகிரவும்.

போன வாரம் சந்தைப் பக்கம் படுத்திருந்த ஒரு ஆளைப் பிடித்து வேறொரு பிளாக்குக்காரர்கள் அடித்ததில் அவன் மணிக்கட்டு உடைந்துபோயிற்று. வடநாட்டுக் கும்பலைச் சேர்ந்தவன் என்று படத்தோடு போட்டார்கள். பிறகு விசாரித்ததில் பக்கத்திலேயே இருக்கும் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், மகனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வந்தவர் என்று தெரிந்தது. அதை யாரும் பகிரவில்லை. மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் என்பதில் என்ன உஷார் இருக்கிறது?

இப்படியிருக்கும்போதுதான் தங்கராசுவின் வார ஓய்வு நாளில், காலை ஷிப்ட்டில், பஸ் ஸ்டாப் நிழற்குடையில் கலியம்மாள் என்கிற பெண்ணைப் பிடித்தார்கள்.

கலியம்மாள் பிடிபடும்போது தலை சீவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். புடவை சிவப்பா என்பதில் முதலில் கருத்து வேறுபாடு இருந்தது. செங்கல் நிறம் என்றார் ஒருவர். செங்கல்லும் சிவப்பில்தான் சேர்த்தி என்று செங்குட்டுவன் தீர்ப்புச் சொன்னார். மூட்டையைக் கொட்டிப் பார்த்தார்கள். இரண்டு புடவை, ஒரு டம்ளர், ஒரு போர்வை, ஒரு ஜோடி சின்னப் பள்ளிக்கூட ஷூ. ஷூவைப் பார்த்ததும், குழந்தை எங்கே என்று கேட்டார்கள். காலி பண்ணிப்போன குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கிடந்தது, கிழியாமல் இருந்ததால் எடுத்தேன், பழைய சாமான்காரன்கிட்ட போட்டா டீ குடிக்கலாம் என்று அவள் சொன்னாள். சொன்னது உண்மை. ஆனால் அவர்கள் வேறு உண்மைக்காக வந்திருந்தார்கள்.

"ரெண்டு போடு, தானா வரும்" என்றார் செங்குட்டுவன்.

போட்டவன் வளவன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட்டில் இருப்பவன், இருபத்தைந்து வயது, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவன். பைப்பால் வலது முழங்காலில் அடித்தான். சத்தம் பைப்பிலிருந்து வந்ததா காலிலிருந்து வந்ததா என்று பக்கத்தில் நின்ற தங்கராசுவுக்குத் தெரியவில்லை. மறுபடியும் அடித்தான். தானாக வந்தது, வளவனுடைய மூன்று தலைமுறையைப் பற்றிய கலியம்மாளின் அபிப்பிராயம். அதை இங்கே எழுத முடியாது.

அப்போது யாரோ, ஆம்பிளைகள் ஒரு பொம்பளையை அடிப்பது வீடியோவில் வந்தால் நன்றாக இருக்காது என்று எடுத்துச் சொன்னார்கள். செங்குட்டுவன் யோசித்தார். லேடீஸ் அடித்தால் அது வேறு. ஆனால் லேடீஸ் இப்போது சமையலிலும் ஆபீஸ் கிளம்புவதிலும் இருந்தார்கள். ஆகவே குரூப்பில், கும்பல் பெண் பிடிபட்டாள், மாலை ஐந்தரைக்கு பஸ் ஸ்டாப்பில் விசாரணை, லேடீஸ் அவசியம் வரவும் என்று படத்தோடு போட்டார். அதற்கு வந்த பதில்களில் கை, முஷ்டி, நெருப்பு எல்லாம் இருந்தன. கலியம்மாளின் இடது கையை நைலான் துணிக்கொடியால் நிழற்குடை பெஞ்சோடு கட்டினார்கள்.

"தங்கராசு, நீ பாத்துக்க. ரெண்டு மணிக்கு வளவன் ரிலீவ் பண்ணுவான். ரிலீவர் வராம எடத்த விட்டு அசையக் கூடாது."

இதைத் தங்கராசுவிடம் சொல்லியிருக்கவே வேண்டாம்.

எல்லோரும் போன பிறகு நிழற்குடையில் இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு முனையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கலியம்மாள்தான் முதலில் பேசினாள்.

"இன்னாய்யா, நீ வூட்டுக்குப் போவலையா?"

"ரிலீவர் வரணும்மா."

"யாருக்கு?"

"எனக்கு."

"எனக்கு எப்ப வருவாரு?"

தங்கராசு இந்தக் கேள்வியை நியாயமாகவே எடுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தார்.

அவள் பக்கத்து ஊரான வடக்குத்தில் பிறந்தவள் என்பதும், இதே பிளாக்கில் நான்கு தெரு தள்ளி ஒரு குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு, பின்னாலிருந்த ஷெட்டில் படுத்துக்கொண்டிருந்தவள் என்பதும் பேச்சில் வந்தது. வீட்டுக்காரர் ரிட்டையராகி, குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போனார். அவர்கள் போனதோடு ஷெட்டும் போயிற்று. தங்கச்சி வீட்டுக்குப் போனாள். தங்கச்சி புருஷனுக்கும் அவளுக்கும் குழம்பில் புளி போடுவதிலிருந்து ஒத்துப்போகவில்லை. இதைச் சொல்லும்போதும் அவள் தன் பக்கம்தான் சரி என்று நிரூபிக்கப் புளியின் அளவை விளக்கினாள். தங்கராசு அந்தத் தெருவில் எத்தனையோ முறை நடந்திருக்கிறார். பாத்திரம் தேய்க்கிறவர்கள் வீட்டின் பின்பக்கம் இருப்பார்கள், தெருவில் நடக்கிறவர்கள் முன்பக்கம் பார்ப்பார்கள், அதனால் அவருக்கு முகம் தெரியவில்லை.

"சாயங்காலம் எல்லாரும் வந்து இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"விசாரிப்பாங்கம்மா."

"காலையில விசாரிச்சாங்களே, அது மாதிரியா?"

தங்கராசு சாலையைப் பார்த்தார். சாலையில் ஒன்றும் இல்லை. முழங்கால் அதற்குள் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்து, பெரிதாகிக்கொண்டிருந்தது. அவள் புடவையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிவாக்கில் ஒரு பிரச்சினை வந்தது. அவள் ஒதுங்கப் போக வேண்டும். தங்கராசு கட்டை அவிழ்க்கலாமா என்பது ஒரு கேள்வி. அவிழ்த்தாலும் அவளால் நடக்க முடியாது என்பது இன்னொன்று. தாங்கிப் பிடித்துக்கொண்டு போக அவர் ஆம்பிளை என்பது மூன்றாவது. ருக்குமணிக்குப் போன் பண்ணினார்.

ருக்குமணி சாப்பாட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்தாள். வார ஓய்வு நாளில் புருஷன் வீட்டுச் சாப்பாட்டுக்கு வராதது என்ன டியூட்டி என்று கேட்டுக்கொண்டே வந்தவள் கயிற்றைப் பார்த்தாள். பேச்சு நின்றது. கயிற்றை அவிழ்த்து எறிந்தாள். கலியம்மாளின் தோளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, ஆளில்லாத குவார்ட்டர்ஸ் பக்கமாகக் கூட்டிப்போனாள். பத்தடி போக வெகுநேரம் ஆயிற்று. திரும்பி வரும்போது அவள் முகம் மாறியிருந்தது.

"இந்தக் காலு யாரு பண்ணது?"

தங்கராசு சாம்பார் மூடியைத் திறந்தார்.

ருக்குமணி ஆட்டோவுக்குப் போன் பண்ணினாள். தெரிந்த டிரைவர்தான். பஸ் ஸ்டாப் என்று சொன்னதும், அக்கா, அந்தப் பொம்பளைதானே, படம் எங்க ஸ்டாண்ட் குரூப்லயும் வந்துடுச்சு, எனக்கு வண்டி முக்கியம் என்றார். இன்னொருவரும் அதையேதான் சொன்னார். போலீஸுக்குச் சொல்லலாம் என்று அவள் போனைத் தூக்கியபோது தங்கராசு கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மணி வரைக்கும் பொறு, வளவன் வந்துவிடுவான், என் பொறுப்பு முடிந்துவிடும், அதற்கப்புறம் நீ என்ன வேண்டுமானாலும் பண்ணு என்று கெஞ்சினார்.

ருக்குமணி போனை இறக்கினாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நீங்க சார்ஜ் வாங்கும்போதே காலு இப்டித்தான் இருந்துதா?"

"ஆமா."

"யாராவது உங்ககிட்ட சொல்லிக் குடுத்தாங்களா?"

தங்கராசு டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தார். யாரும் சொல்லவில்லை. காலையில், பாத்துக்க என்றார்கள். இவர் சரி என்றார். பழுதைச் சொல்லாமல் கொடுத்தார்கள், கேட்காமல் வாங்கிவிட்டார். இத்தனை வருஷ சர்வீஸில் அவர் செய்யாத தப்பு அது. இப்போதைய நிலவரப்படி அந்த முழங்காலை உடைத்தது தங்கராசு.

ருக்குமணி வெந்நீர் எடுத்துவரப் போய்விட்டாள். கலியம்மாள் டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கத்திரிக்காய் சரியாக வேகவில்லை என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். தங்கராசு வளவனுக்குச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் பாடம் பண்ணிக்கொண்டிருந்தார்.

வளவன் இரண்டு மணிக்கு வந்தான். பைப்பைச் சுழற்றிக்கொண்டு வந்தான். "நீங்க கெளம்புங்கண்ணே" என்றான்.

"சார்ஜ் வாங்கிக்க."

"வாங்கிகிட்டேன்."

"கேக்காம என்ன வாங்குறது. சொல்றேன், திருப்பிச் சொல்லு. பேரு கலியம்மாள். சாப்டாங்க. கயிறு கட்டல. வலது முழங்கால் வீக்கம், நடக்க முடியல. காலையில வளவன் பைப்பால அடிச்சது. அடிக்கச் சொன்னது செங்குட்டுவன்."

வளவன் சிரித்தான். தங்கராசு சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான்.

"பேரு கலியம்மாள்" என்று ஆரம்பித்தான். "சாப்டாச்சு. கயிறு இல்ல. முழங்கால் வீக்கம்."

"வலது முழங்கால். அப்புறம்?"

"அப்புறம் என்னண்ணே, அவ்ளோதான்."

"யாரால வீக்கம்?"

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தங்கராசு அப்போது நியாயத்துக்காகப் போராடவில்லை. தன் தலையில் விழுந்த முழங்காலை முறைப்படி இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும் என்றுதான் நினைத்தார். வளவனுக்கும் முறை தெரியும். அவனும் சுரங்கத்தில்தான் இருக்கிறான். திரும்பச் சொன்னால் சொன்னதாகிவிடும். எதிரே அந்தப் பெண் வேறு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணே, எனக்கு பெர்மனென்ட்டுக்கு பேரு போயிருக்கு. போலீஸ் வெரிஃபிகேஷன் வரும். இதெல்லாம் வாயால சொல்ல வெக்காதீங்க."

"சரி, சொல்லாத. அப்ப நான் ரிலீவ் ஆகல."

வளவன், வேறு ஆளை அனுப்புகிறேன் என்று போனான். வந்தவர் செல்வகுமார் என்று ஒரு பேங்க் ஊழியர். அவருக்கு இந்த முறையே தெரியாததால் முழுவதையும் நல்ல பிள்ளை மாதிரி திரும்பச் சொல்லிக்கொண்டு வந்து, செங்குட்டுவன் என்ற இடத்தில் தான் என்ன சொல்கிறோம் என்பது காதில் விழுந்து, ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்தார். ஸ்கூட்டர் போகும் சத்தம் வெகுதூரம் கேட்டது.

"உனக்கு ரிலீவர் வர மாட்டாரு போலய்யா" என்றாள் கலியம்மாள். அவள் குரலில் முதல்முறையாக ஒரு உற்சாகம் இருந்தது. ஆனால் சாலையின் அந்தக் கோடியை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கராசுவும் பார்த்தார். ஐந்தரை மணிக்கு அங்கேயிருந்துதான் வருவார்கள்.

வந்தார்கள். ஜெனரல் ஷிப்ட் விட்டு வந்தவர்கள் டிபன் பையோடு வந்தார்கள். லேடீஸ் அவசியம் என்று போட்டிருந்ததால் லேடீஸ் வந்தார்கள். ஒரு அம்மா கையில் துடைப்பக்கட்டை. பின்னால் இருந்தவர்கள் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் காலையில் பால் வாங்கும்போது சிரிக்கிறவர்கள்தான். சேர்ந்து வரும்போது ஒரே சத்தமாக இருந்தது. யாரோ மூட்டையை உதைத்தார்கள். ஷூ ஒன்று சாலையில் போய் விழுந்தது. கலியம்மாள் பெஞ்சின் மூலைக்கு நகர்ந்து காலைக் கையால் மூடிக்கொண்டாள். அவள் திட்டவில்லை. அதைத் தங்கராசு கவனித்தார். காலையிலிருந்து வாய் ஓயாதவள் அவள்.

வெந்நீர்ப் பையோடு திரும்பி வந்ததிலிருந்து ருக்குமணி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்; போனைத் தூக்கும்போதெல்லாம், ரிலீவர் வரட்டும் என்று தங்கராசு தடுத்துக்கொண்டிருந்தார். இப்போது எழுந்து முன்னால் நின்றாள்.

செங்குட்டுவன் விசில் ஊதினார். "தங்கராசு, நீ வெலகிக்க. இனிமே கமிட்டி பாத்துக்கும்."

"சரிங்க சார். சார்ஜ் யாருகிட்ட குடுக்கட்டும்?"

"கமிட்டிகிட்ட."

"கமிட்டிக்கு வாய் இல்லீங்களே. ஒரு ஆள் திருப்பிச் சொல்லணும்."

முன்வரிசையில் இருந்த சுரங்கத்துக்காரர்கள் இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். செங்குட்டுவனுக்கு அது உறைத்தது. சார்ஜ் விஷயத்தில் அவரைவிடக் கறாரானவர் சுரங்கத்தில் இல்லை என்று பெயர் வாங்கியவர் அவர். "நானே எடுத்துக்குறேன், சொல்லு" என்றார்.

தங்கராசு சொன்னார். கன்வேயர்காரர்கள் பெல்ட் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள். அவர்கள் சாதாரணமாகப் பேசினாலே தெரு கேட்கும். கலியம்மாள், வலது முழங்கால், நடக்க முடியவில்லை, வளவன், பைப், அடிக்கச் சொன்னது.

"என்ன சொல்றாரு?" என்றார்கள் பின்னால்.

நடுவில் இருந்தவர்கள் திரும்பி அவர்களுக்குச் சொன்னார்கள். "காலையிலேயே முழங்கால்ல அடிச்சிட்டாங்களாம்." "யாரு?" "வளவன்." "யாரு சொல்லி?" அது கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. சொல்லப் பெரிதாக எதுவும் இல்லாததால் வழியில் அது பெரிதாகவுமில்லை. முன்னால் விழுந்தது அப்படியே பின்னால் போய்ச் சேர்ந்தது. துடைப்பக்கட்டை வைத்திருந்த அம்மா எட்டி முழங்காலைப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ" என்று துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். உயரத்தில் இருந்த போன்களில் சில மெதுவாகத் திரும்பி வளவன் பக்கம் பார்த்தன. வளவன் பைப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"திருப்பிச் சொல்லுங்க சார்" என்றார் தங்கராசு.

செங்குட்டுவன் வாயைத் திறந்தார். "பேரு கலியம்மாள். வலது முழங்கால் வீக்கம்" என்றார். பிறகு வளவனைப் பார்த்தார். வளவன், "சார், நீங்க சொல்லித்தான சார்" என்றான், அழுகிற குரலில். அதுவும் போனில் பதிவாயிற்று.

செங்குட்டுவன் குனிந்து அந்த முழங்காலைப் பார்த்தார். இன்சார்ஜாக இருந்தபோது பழுதான ரோலரை அவர் அப்படித்தான் பார்ப்பார் என்று சொல்வார்கள். பிறகு விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இதுல என்னமோ தப்பாயிடுச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, எதில் என்று சொல்லாமல் கூட்டத்துக்குள் நடந்தார். கூட்டம் வழிவிட்டது, வழிவிட்ட இடம் மறுபடி சேரவில்லை. ஒருவருக்குக் குழாயில் தண்ணீர் வரும் நேரம், ஒருவருக்கு டியூஷனிலிருந்து பெண்ணைக் கூட்டிவரும் நேரம். அரைமணி நேரத்தில் சாலையில் ஒற்றை ஷூ மட்டும் இருந்தது.

தங்கராசு பெஞ்சில் உட்கார்ந்தார். "இப்ப என்ன பண்றது? சார்ஜ் என்கிட்டயே நின்னுபோச்சு. எடத்த விட்டு அசையவும் முடியாது."

ருக்குமணி கேட்டாள். "அவங்க உங்கள பாத்துக்கச் சொன்னது பஸ் ஸ்டாப்பையா, இவங்களையா?"

தங்கராசு பெஞ்சிலிருந்து எழுந்தார். கன்வேயர்காரர்களுக்கு இது எளிதில் தோன்றாது. அவர்களுடைய இயந்திரம் இருந்த இடத்தில் இருக்கும். அவர்களும் இருந்த இடத்தில் இருப்பார்கள். மண் வெட்டும் இயந்திரத்தில் இருப்பவர்கள் அப்படியில்லை. இயந்திரம் நகர்ந்தால் அவர்களும் நகர்வார்கள், சார்ஜும் கூடவே நகரும். நாளெல்லாம் அவர் காவல் காத்தது சிமென்ட் பெஞ்சை அல்ல.

தங்கராசு காலையில் வந்த டி.வி.எஸ். வண்டியில் அவர் முன்னால், கலியம்மாள் நடுவில், அவளைப் பிடித்துக்கொண்டு ருக்குமணி பின்னால். மேடு பள்ளத்தில் முழங்கால் அதிரும்போதெல்லாம் கலியம்மாள் வண்டி ஓட்டுகிறவரைப் பற்றி ஏதாவது சொன்னாள். அவளுக்குத் திட்டு திரும்ப வந்துவிட்டதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முட்டிச் சில்லில் விரிசல் என்று கட்டுப் போட்டார்கள். அடிபட்ட கேஸ் என்றால் போலீஸுக்குத் தகவல் போகும், அது வழக்கம். ஒரு கான்ஸ்டபிள் வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யார் அடித்தது என்று கேட்டார். தங்கராசு மதியத்திலிருந்து மூன்று முறை சொல்லிப் பழகிய வாக்கியங்களைத் தடங்கலில்லாமல் சொன்னார். வளவன், பைப், வலது முழங்கால், சொன்னது செங்குட்டுவன். கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார்.

"ரெண்டு அடி" என்றாள் கலியம்மாள் கட்டிலிலிருந்து. "ஒண்ணுன்னு எழுதிடாத."

"ரெண்டு" என்று திருத்தினார் கான்ஸ்டபிள்.

"அப்புறம் இவரு பாத்துகினு நின்னாரு. அத இவரு யாருகிட்டயும் சொல்லல. காலையிலேருந்து கேட்டுகினுதான் இருக்கேன், எல்லாத்தையும் சொல்றாரு, அத வுட்டுடுறாரு."

ருக்குமணி கணவனைப் பார்த்தாள். கான்ஸ்டபிளும் பார்த்தார். "அப்டிங்களா?"

"ஆமாங்க" என்றார் தங்கராசு. "எழுதிக்கோங்க."

"எவ்ளோ பக்கத்துல நின்னீங்க?"

தங்கராசு கையை நீட்டிப் பார்த்தார். கட்டுப் போட்ட முழங்காலுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் விரல்கள் வந்து நின்றன.

"பைப்ப புடிச்சிருக்கலாங்க" என்றார்.